உள்ளே பொதிப்பதா, வெளியே வைத்து இணைப்பதா? லாடெக், வேர்ட், இன்டிசைன் கலந்த வேலையில் படக் கோப்புகள்

ஒரு புத்தகத்தையோ ஆய்வறிக்கையையோ நாலைந்து பேர் சேர்ந்து எழுதும்போது எல்லோரும் ஒரே மென்பொருளில் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சமன்பாடுகளோடு மல்லுக்கட்டுபவர், கட்டளைகளாக எழுதிப் பக்கமாக்கும் லாடெக்கை விடமாட்டார். மற்றவர்கள் வேர்டிலோ லிப்ரெஆஃபிஸிலோ எழுதி அனுப்புவார்கள். பக்க வடிவமைப்பாளர் இன்டிசைனில்தான் உட்கார்வார். எல்லாம் முடிகிற நேரத்தில், இதையே வலைப்பக்கமாகவும் மின்னூலாகவும் தர முடியுமா என்று ஒருவர் கேட்பார். உரையை இவற்றுக்கிடையே நகர்த்துவது சலிப்பான வேலை, ஆனால் எப்படியோ முடிந்துவிடும். வேலை நின்றுபோவது பெரும்பாலும் படங்களில்.

படத்தை இந்த மென்பொருள்கள் கையாளுகிற விதமே வேறு வேறு. லாடெக்குக்கு அடியில் ஓடுவது டெக். டொனால்ட் க்னூத் 1978இல் வெளியிட்ட இந்த டெக்குக்குப் படம் என்றால் என்னவென்றே தெரியாது. இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம் என்று ஒரு காலிப் பெட்டியை விட்டுவிட்டு, 'இங்கே இந்தக் கோப்பைப் போடு' என்று ஒரு குறிப்பை எழுதி வைக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து வரும் டிவிஐ என்ற இடைநிலைக் கோப்பிலும் படம் இருக்காது. அடுத்து ஓடுகிற டிரைவர் நிரல்தான் படத்தைத் தேடி எடுத்து ஒட்டும். வேர்ட் இதற்கு நேரெதிர்: படத்தை இழுத்துப் போட்ட கணத்திலேயே அதன் ஒரு நகல் ஆவணத்துக்குள் போய்விடும். டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே மீடியா என்ற ஃபோல்டரில் எல்லாப் படங்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இன்டிசைன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திரையில் ஒரு முன்னோட்டத்தைக் காட்டிக்கொண்டு, அசல் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும்.

ஆகவே முடிவெடுக்க வேண்டியவை இரண்டு. படம் எங்கே வாழ வேண்டும் என்பது ஒன்று, எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் 'எங்களுக்கு ஈபிஎஸ் வேண்டாம், உள்ளேயே வைத்து அனுப்புங்கள்' என்பது போன்ற பொருளற்ற மின்னஞ்சல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. (ஈபிஎஸ் என்பது ஒரு பட வடிவம், எங்கே வைப்பது என்பதோடு அதற்குத் தொடர்பில்லை.)

உள்ளே பொதிப்பது

இதன் பெரிய வசதி, ஒரே கோப்பு போதும் என்பது. மின்னஞ்சலில் அனுப்பலாம், பென்டிரைவில் கொடுக்கலாம், பெறுபவர் திறந்தால் படம் அங்கேயே இருக்கும். 'படம் வரவில்லையே' என்ற தொலைபேசி அழைப்பு வராது. கணினியில் அதிகம் புழங்காத இணை ஆசிரியர் குழுவில் இருந்தால் இந்த ஒரு காரணமே போதும்.

விலை பிறகுதான் தெரியும். வேர்டில் வைத்த படம் நீங்கள் கொடுத்த படமாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். விண்டோஸ் வேர்ட், சேமிக்கும்போது பிக்சல் படங்களை இயல்பாகவே அங்குலத்துக்கு 220 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். திரையில் வித்தியாசம் தெரியாது, அச்சில் தெரியும். இதை நிறுத்த ஆப்ஷன்ஸ் பகுதியில் அட்வான்ஸ்டு பிரிவில் 'படங்களைச் சுருக்காதே' என்ற தேர்வு இருக்கிறது. அது ஆவணத்துக்கு ஆவணம் தனித்தனியாகப் பதிவாகும் தேர்வு என்பதால், உங்கள் கணினியில் ஒரு கோப்பில் போட்டுவிட்டால் எல்லாக் கோப்புக்கும் சேர்த்துப் போட்டதாகாது. படங்களைச் சேர்த்துச் சேமித்த பிறகு இதைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை, போன பிக்சல் திரும்பாது.

அடுத்தது பெயர். 'வெப்பநிலை-மாற்றம்-இறுதி' என்று கவனமாகப் பெயரிட்ட கோப்பு, பொட்டலத்துக்குள் போனதும் 'இமேஜ்7' ஆகிவிடும். வடிவமைப்பாளர் டாக்எக்ஸைப் பிரித்து எடுத்தால் கையில் கிடைப்பது இமேஜ்1 முதல் இமேஜ்40 வரை. எது எந்த அத்தியாயத்தின் எந்தப் படம் என்று உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். பான்டாக் போன்ற மாற்றிகளைக் கொண்டு வேர்டிலிருந்து லாடெக்குக்குக் கொண்டுபோகும்போதும் இதே கதைதான்.

பலர் யோசிக்காத ஒரு ஆபத்தும் உண்டு. எக்செல் வரைபடத்தை நகலெடுத்து வேர்டில் ஒட்டும்போது 'ஒர்க்புக்கை உட்பொதி' என்ற வகையில் ஒட்டினால், வரைபடம் மட்டும் போகாது, அந்த ஒர்க்புக் முழுவதும் உள்ளே போய்விடும். மறைத்து வைத்த பட்டியல்கள், மற்ற ஷீட்டுகள் எல்லாம் சேர்த்து. வாசிப்பவர் இரண்டு முறை சொடுக்கினால் திறந்துவிடலாம். படத்தை வேர்டிலேயே வெட்டினாலும் அப்படித்தான்: வெட்டுப்பட்ட பகுதி கண்ணுக்குத் தெரியாதே தவிர, தனியாக நீக்கச் சொல்லும்வரை கோப்புக்குள்ளேயே இருக்கும். ரகசியமான தகவல் உள்ள அறிக்கை என்றால் இந்த இரண்டையும் சரிபார்க்காமல் வெளியே அனுப்பக்கூடாது.

வெளியே வைத்து இணைப்பது

ஒரு வரைபடத்தில் அச்சுக்கோட்டின் அலகைத் திருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படம் லாடெக் அத்தியாயத்தில் இருக்கிறது, முன்னுரையில் இருக்கிறது, வலைப்பக்கத்திலும் இருக்கிறது. எல்லாமே ஒரே கோப்பைச் சுட்டுவதாக இருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். லாடெக் அடுத்த முறை ஓடும்போது புதியதை எடுத்துக்கொள்ளும், இன்டிசைனின் லிங்க்ஸ் பலகையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்து புதுப்பிக்கச் சொல்லும். உட்பொதித்திருந்தால் எத்தனை நகல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதே யாருக்கும் தெரியாது. படங்களை கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் வைப்பதும் இந்த முறையில் இயல்பாக நடக்கும்.

குறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: இணைப்பு அறுந்துபோகும். ஆனால் அறுந்துபோவதற்கான காரணங்கள் சில்லறையானவை, பெரும்பாலும் தவிர்க்கக் கூடியவை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸும் மேக்கும் வழக்கமாகப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். ஆகவே ஒருவர் கணினியில் ஓடுகிற லாடெக் கோப்பு இன்னொருவரிடம் 'கோப்பைக் காணோம்' என்று நிற்கும். பெயரில் இடைவெளியும் சிறப்புக் குறிகளும் இருந்தால் பழைய கருவிகள் தடுமாறும். சின்ன எழுத்து, எண், இடைக்கோடு தவிர எதுவும் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை ஒழிந்தது. மீதிப் பாதி பாதையில் இருக்கிறது. லாடெக்கில் ஆவணம் இருக்கும் இடத்திலிருந்து சார்புப் பாதையாக எழுதலாம், மொத்த ஃபோல்டரையும் எங்கே நகர்த்தினாலும் வேலை செய்யும். வேர்ட் இணைப்பு பெரும்பாலும் முழுப் பாதையாகவே பதிவாகும். அது உங்கள் கணினியின் சி டிரைவைச் சுட்டிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்கு என்ன பயன்?

வேர்டில் 'இணை' என்பதோடு 'சேர்த்து இணை' என்ற தேர்வும் இருக்கிறது. நகல் உள்ளேயும் இருக்கும், இணைப்பும் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் உள்ளே இருக்கும் நகல் எப்போது பழசானது என்று தெரியாமல் போவதால், குழுவாகச் செய்கிற வேலைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவரே எழுதி ஒருவரே முடிக்கிற அறிக்கைக்கு வேண்டுமானால் சரி.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: வேலை நடக்கும்வரை வெளியே, கைமாறும்போது உள்ளே. இன்டிசைனின் 'பேக்கேஜ்' வசதி ஆவணம், இணைத்த படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் திரட்டிக் கொடுக்கிறது. லாடெக்கில் இறுதி பிடிஎஃப் உருவாகும்போதே எல்லாப் படமும் உள்ளே போய்விடும். எனவே அங்கே இந்தக் கேள்வி தானாகவே தீர்ந்துவிடுகிறது. விடாப்பிடியாக இருப்பது வேர்ட் மட்டும்தான். வேர்டில் எழுதுபவர்களிடம் இணைப்பைப் பற்றிப் பாடம் எடுப்பதைவிட, அவர்கள் வழக்கம்போல் உள்ளேயே வைக்கட்டும், கூடவே ஒவ்வொரு படத்தின் கீழும் அசல் கோப்பின் பெயரை எழுதி, அசல்களைத் தனி ஃபோல்டரில் அனுப்பட்டும் என்று கேட்பது எளிது. அப்போது டாக்எக்ஸுக்குள் இருப்பது இடம் காட்டும் படம் மட்டும்தான், அச்சுக்குப் போவது ஃபோல்டரில் இருப்பது.

ஆவணத்துக்குள்ளேயே வரைந்துகொள்வது என்று ஒரு வழியும் உண்டு. லாடெக்கில் டிக்இஸட், வேர்டில் ஷேப்ஸ். டிக்இஸட் படத்தின் எழுத்தும் கோட்டின் கனமும் உரையோடு அச்சாகப் பொருந்தும், அந்த அழகுக்கு ஈடில்லை. ஆனால் அது டெக்குக்கு வெளியே உயிரோடு இருக்காது. ஸ்டாண்டலோன் என்ற ஆவண வகுப்பில் ஒவ்வொரு படத்தையும் தனியாக ஓட்டிப் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டால் எல்லோருக்கும் பயன்படும். வேர்ட் ஷேப்ஸைக் கலப்புச் சூழலுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

எந்த வடிவம்?

பழைய கையேடுகள் எல்லாம் ஈபிஎஸ் என்று சொல்லும். ஒரு காலத்தில் அது நியாயமான பதில். டெக்கிலிருந்து டிவிஐ, அதிலிருந்து டிவிஐபிஎஸ் என்ற நிரல் வழியாகப் பிரிண்டர்களின் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பாதையில் அதுதான் இயல்பாகப் போகும். கோப்பின் தலையில் 'பவுண்டிங் பாக்ஸ்' என்ற ஒரே வரியில் படத்தின் எல்லை எழுதியிருக்கும், டெக் அதை மட்டும் படித்துப் பெட்டியை அளந்துகொள்ளும். வேர்டும் ஏற்றுக்கொண்டது, பக்க வடிவமைப்பு மென்பொருள்களும் ஏற்றுக்கொண்டன. அப்போதே தொல்லை இல்லாமல் இல்லை. விண்டோஸ் மென்பொருள்கள் ஈபிஎஸ்ஸின் முன்னால் இருமக் குறியீட்டில் ஒரு தலைப்பும், கூடவே ஒரு டிஃப் முன்னோட்டமும் சேர்த்துவிடும். டெக் பக்கத்தில் அது எல்லை வரியைப் படிக்க விடாமல் குழப்பும். அதே கோப்பை வேர்டில் வைத்துப் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத பிரிண்டரில் அச்சிட்டால், அந்த மங்கலான முன்னோட்டம்தான் காகிதத்தில் வரும்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு முழு நிரலாக்க மொழி, ஈபிஎஸ் கோப்பைத் திறப்பது ஒரு நிரலை ஓட்டுவதற்குச் சமம். இந்தப் பாதுகாப்புக் காரணத்தால் 2017இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸில் ஈபிஎஸ் சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டது. 2022இல் வந்த மேக்ஓஎஸ் வென்சுராவில், கோப்புகளைத் திறந்து காட்டும் பிரிவ்யூ நிரல் ஈபிஎஸ்ஸைத் திறப்பதை நிறுத்திக்கொண்டது. ஒளி ஊடுருவும் நிறங்களையும் ஈபிஎஸ்ஸால் தாங்க முடியாது. இன்னமும் டிவிஐபிஎஸ் பாதையில் இருப்பவர்களுக்கு மட்டும் அது தேவை. புதிதாக ஒரு வேலையை ஈபிஎஸ்ஸில் தொடங்க எந்தக் காரணமும் இல்லை.

அதன் இடத்தில் இப்போது பிடிஎஃப் இருக்கிறது. லாடெக்கை ஓட்டும் எஞ்சின்களான பிடிஎஃப்லாடெக், ஸீலாடெக், லுவாலாடெக் மூன்றும் ஏற்கும், இன்டிசைன் ஏற்கும், எழுத்துருவை உள்ளே கொண்டுபோகும், அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே நிறத்தையும் தாங்கும். இரண்டு சின்ன எரிச்சல்கள் உண்டு. எக்செலிலிருந்தோ பவர்பாயின்ட்டிலிருந்தோ பிடிஎஃப் எடுத்தால் பெரும்பாலும் முழுத் தாளும் வரும், படம் அதில் ஒரு மூலையில் இருக்கும். பிடிஎஃப்கிராப் போன்ற கருவியால் ஓரத்தை வெட்டிய பிறகுதான் வைக்க வேண்டும். இன்னொன்று, படத்தின் பிடிஎஃப் பதிப்பு எண் 1.7 ஆகவும் ஆவணத்தின் எண் 1.5 ஆகவும் இருந்தால் பிடிஎஃப்லாடெக்குக்கு அடியில் ஓடும் பிடிஎஃப்டெக் எச்சரிக்கும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது, ஆனாலும் ஆவணத்தின் எண்ணை ஏற்றிவிடுவது நல்லது. பிடிஎஃப்பின் உண்மையான பலவீனம் வேர்டில்தான். அங்கே அதை ஒரு படமாக, அதன் கூர்மை கெடாமல் வைக்க நம்பகமான வழி இல்லை.

அங்கே எஸ்விஜி வருகிறது. 2001இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் தரப்படுத்திய வடிவம், உலாவிகள் எல்லாம் காட்டும், மின்னூல் வடிவமான ஈபப் 3 ஏற்கும். புதிய வேர்ட் பதிப்புகளும் ஏற்கின்றன. பழைய பதிப்பில் திறப்பவருக்காக ஒரு பிஎன்ஜி நகலையும் வேர்ட் தானே உள்ளே வைத்துக்கொள்கிறது, நல்ல ஏற்பாடு. இன்டிசைன் 2020 பதிப்பிலிருந்து ஏற்கிறது. ஆனால் நடைமுறையில் எஸ்விஜி என்பது திரைக்கான ஆர்ஜிபி நிறம்தான், எனவே அச்சுக்குப் பிடிஎஃப் இருக்கும்போது இதை அனுப்பத் தேவையில்லை. லாடெக் நேரடியாக எடுத்துக்கொள்ளாது. எஸ்விஜி பொதி ஒன்று இருக்கிறது, அது பின்னணியில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை அழைத்துப் பிடிஎஃப் ஆக்கும். அதற்கு எல்லோர் கணினியிலும் இங்க்ஸ்கேப் இருக்க வேண்டும், வெளி நிரலை ஓட்ட அனுமதியும் கொடுக்க வேண்டும். நீங்களே ஒருமுறை மாற்றி வைத்துவிடுவது சுலபம்.

பிக்சலாக இல்லாமல் கோடுகளாகவே விவரித்து வைக்கும் வெக்டர் படம்தான் எப்போதும் சிறந்தது என்று ஒரு மூடநம்பிக்கை உண்டு. இரண்டு லட்சம் புள்ளிகள் உள்ள சிதறல் வரைபடத்தை வெக்டராக வைத்துப் பாருங்கள், அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பிடிஎஃப் வாசிப்பான் திணறும். புள்ளிகளை மட்டும் பிக்சலாக்கி, அச்சுக்கோடுகளையும் எழுத்தையும் வெக்டராக விட்டுவிடலாம். மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகம் இதைச் செய்யும். புகைப்படத்துக்கு ஜேபெக், திரைப்பிடிப்புக்கு பிஎன்ஜி, இதில் விவாதமே இல்லை. திரைப்பிடிப்பை ஜேபெக்கில் சேமித்தால் எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல இருக்கும். அளவைக் கணக்கிடும்போது 'டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எவ்வளவு' என்று கேட்பதைவிட அச்சில் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். 8 செ.மீ. அகலத்தில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் சுமார் 945 பிக்சல் அகலம் தேவை, வெறும் கோட்டுப் படத்தை 600இல் கேட்டால் 1890. கோப்பில் தெளிவுத்திறன் குறிக்கப்படாவிட்டால் பிடிஎஃப்டெக் 72 என்று எடுத்துக்கொண்டு படத்தைப் பூதாகரமாக வைக்கும், வேர்ட் வேறு கணக்குப் போடும். அதனால் லாடெக்கில் அகலத்தை எப்போதும் எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம். விண்டோஸின் பட வடிவமான ஈஎம்எஃப்பை விண்டோஸுக்கு வெளியே நம்ப வேண்டாம்.

படத்துக்குள் இருக்கும் எழுத்து

இதுதான் கடைசி நேரத்தில் காலை வாருகிற இடம். எஸ்விஜியில் எழுத்து எழுத்தாகவே இருந்தால், பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறொன்று வந்து அளவெல்லாம் மாறிவிடும். தமிழ் போல எழுத்துகளை இடம் மாற்றியும் சேர்த்தும் காட்ட வேண்டிய வரிவடிவங்களில் இன்னும் ஒரு படி சிக்கல்: பல வரைபட நூலகங்கள் எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாமல், கொம்பை மெய்க்குப் பின்னால் போட்டுவிடும். எழுத்தை வளைகோடுகளாக மாற்றிவிட்டால் எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் தேட முடியாது, திரைவாசிப்பானால் படிக்க முடியாது, மொழிபெயர்ப்பாளரால் திருத்தவும் முடியாது. என் பிரிப்பு இது: வேர்டுக்குப் போகும் எஸ்விஜியில் எழுத்து வளைகோடாக இருக்கட்டும், வலைக்குப் போகும் எஸ்விஜியில் எழுத்தாகவே இருக்கட்டும், பிடிஎஃப்பில் எழுத்துரு பொதிக்கப்பட்டிருக்கட்டும். மேட்பிளாட்லிப் எஸ்விஜியில் இயல்பாகவே வளைகோடாக்கிவிடும், பிடிஎஃப்பில் டைப் 3 என்ற வகை எழுத்துருவாக வைக்கும். டைப் 3 வேண்டாம் என்று சொல்லும் இதழ்கள் இருப்பதால் மேட்பிளாட்லிப் அமைப்பில் எழுத்துரு வகையை 42 என்று மாற்றிவிடுங்கள்.

இறுதி லாடெக்கில்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் இங்க்ஸ்கேப்பின் பிடிஎஃப்-உடன்-லாடெக் ஏற்றுமதி அருமையான வழி. கோடுகள் பிடிஎஃப்பில் இருக்கும், எழுத்துகளை லாடெக்கே உரையின் எழுத்துருவில் அச்சிடும். தமிழ்ப் பெயர்கள் உள்ள படங்களுக்கு ஸீலாடெக்கோ லுவாலாடெக்கோ பயன்படுத்தினால் எழுத்துகளும் சரியாகக் கோக்கப்பட்டு வரும்.

இனி உங்கள் வேலைக்கு எது?

லாடெக்கும் வலையும் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம்: ஒரே மூலத்திலிருந்து பிடிஎஃப்பும் எஸ்விஜியும் எடுத்து வெளியே வையுங்கள். லாடெக்கில் கோப்பின் பெயரை வடிவக் குறிப்பு இல்லாமல் எழுதினால், எந்த எஞ்சின் ஓடுகிறதோ அதற்கு ஏற்றதை அதுவே தேடிக்கொள்ளும். டிவிஐ பாதையில் ஓடினால் ஈபிஎஸ், பிடிஎஃப்லாடெக்கில் ஓடினால் பிடிஎஃப் அல்லது பிஎன்ஜி. ஒரே பெயரில் பழைய பிஎன்ஜி ஒன்றை அதே ஃபோல்டரில் விட்டுவைக்காதீர்கள், அதையும் எடுத்துவிட வாய்ப்புண்டு.

எல்லோரும் வேர்டில்தான் எழுதுகிறார்கள், முடிவும் வேர்டில்தான் என்றால் உட்பொதியுங்கள், சுருக்கத்தை அணையுங்கள், வரைபடங்களை எஸ்விஜியாக வையுங்கள். எக்செல் வரைபடத்தைப் படமாக மட்டும் ஒட்டுங்கள். இணைப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எழுதுவது பல இடத்தில், முடிவது இன்டிசைனில் என்றால் மேலே சொன்ன இரட்டை ஏற்பாடுதான்: வேர்டுக்குள் இடம் காட்டும் படம், ஃபோல்டரில் அசல் பிடிஎஃப். ஒரே எச்டிஎம்எல் கோப்பாக அனுப்ப வேண்டியிருந்தால் மட்டும் படங்களைப் பேஸ்64 என்ற எழுத்துக் குறியீடாக மாற்றி உள்ளே வைக்கலாம், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு. பல பக்கங்கள் உள்ள தளத்துக்கு அது வீண்.

நீண்ட காலம் பாதுகாக்க வேண்டிய ஆவணத்துக்குத் தேர்வே கிடையாது. பிடிஎஃப்/ஏ என்ற காப்பகத் தரத்தில் படமும் எழுத்துருவும் உள்ளேதான் இருக்க வேண்டும். 2005இல் வந்த அதன் முதல் பதிப்பு ஒளி ஊடுருவலையும் அனுமதிக்காது, ஆகவே எந்தப் பதிப்பு கேட்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், இன்னமும் ஈபிஎஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இதழ் ஒன்று எப்படியும் வரும். அதற்காக மூலத்தை மாற்ற வேண்டாம். பாப்ளர் என்ற கருவித் தொகுப்பின் பிடிஎஃப்டாப்ஸ் கருவியில் ஈபிஎஸ் தேர்வைக் கொடுத்துப் பிடிஎஃப்பிலிருந்து எடுத்து அனுப்புங்கள், அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். ஊடுருவும் நிறம் எங்காவது இருந்தால் படம் முழுவதுமே பிக்சலாக மாறியிருக்கும்.